பெர்லின் ஒலிம்பியா அரங்கில் ஓட்டப்பாதை இருக்கலாமா, போகலாமா? (அந்த ஊரின் மற்ற அரங்கங்கள் பற்றியும் இங்கேயே பேசலாம்)

மைதானப்பித்தன்:

பெர்லினின் கால்பந்து கிளப்பான ஹெர்த்தா பிஎஸ்சி தனக்கென ஒரு கால்பந்து அரங்கம் வேண்டுமென்று வருடக்கணக்காகக் கேட்கிறது. நகர நிர்வாகமோ பார்க்கலாம், பேசலாம் என்றே காலத்தை ஓட்டுகிறது. தகராறின் மூலம் அந்த நீல ஓட்டப்பாதைதான். ஒலிம்பியாஸ்டேடியனில் கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் கிடைத்தால், எதிர்முனையில் பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்பதைப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 74,000 சொச்சம் இருக்கை இருந்து என்ன பயன்?

மியூனிக்கில் பாயர்ன் கிளப் 2005இல் ஒலிம்பிக் அரங்கை விட்டுக் கிளம்பிப் புது இடத்துக்குப் போய்விட்டது. ஷ்டுட்கார்ட்டில் பாதையைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். பெர்லின் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது? பாதையை எடுத்துவிட்டு, களத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, இருக்கைகளை முன்னால் கொண்டுவந்தால் விஷயம் முடிந்தது. புது அரங்கம் கட்டும் செலவும் மிச்சம். உங்கள் கருத்து என்ன?

ஸ்பாண்டாவ்காரன்:

நான் இருப்பது அந்த அரங்கத்திலிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில், அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். வெர்னர் மார்ஷ் வடிவமைத்து 1936 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். பாதி அரங்கம் தரைக்குக் கீழே இருப்பதுதான் காரணம். நுழைவாயிலில் ஒரு படிகூட ஏறாமல் உள்ளே போகிறீர்கள், திடீரென்று காலடியில் பெரிய பள்ளம். தரைமட்டத்திலிருந்து சுமார் 12 மீட்டர் கீழே களம். மேற்கே மாரத்தான் வாசல் என்று ஓரிடத்தில் வளையம் அறுபட்டுத் திறந்து கிடக்கும். அதன் வழியே மணிக்கூண்டு தெரியும். 2004இல் முடிந்த புதுப்பிப்பில் கூரை போட்டபோதும் அந்த இடத்தை மட்டும் மூடவில்லை. மூடினால் மார்ஷின் அரங்கமே போய்விடும் என்பதுதான் வாதம்.

அந்தப் புதுப்பிப்புக்குச் சுமார் 24 கோடி யூரோ ஆனது. நீங்கள் சொல்கிற மாதிரி களத்தைத் தாழ்த்தவும் செய்தார்கள், இரண்டரை மீட்டருக்கு மேல். ஆனாலும் பாதை தப்பித்துக்கொண்டது. ஹெர்த்தாவுக்குக் கிடைத்தது நிறம் மட்டும்தான்: வழக்கமான செங்கல் சிவப்புக்குப் பதில் அணியின் நீலம்.

இன்னொன்று, அங்கே கூட்டம் சேராது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1969 செப்டம்பரில் ஹெர்த்தா–கொலோன் ஆட்டத்துக்கு 88,075 பேர் வந்தார்கள். புண்டஸ்லிகா (ஜெர்மனியின் முதல் பிரிவுக் கால்பந்து லீக்) வரலாற்றில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

தடகளதாசன்:

பாதையைப் பெயர்த்தால் விஷயம் முடிந்ததாமே! என்ன விஷயம் முடிந்தது?

2009 ஆகஸ்ட் 16. உசைன் போல்ட், 100 மீட்டர், 9.58 வினாடி. இந்தப் பாதையில்தான். மொத்தம் 41 எட்டு. டைசன் கே அன்று 9.71 ஓடினார். பெரும்பாலான போட்டிகளில் அந்த நேரத்துக்கு உலகமே எழுந்து நின்றிருக்கும். அன்று அவர் ஃபிரேமுக்குள் வரவே தவித்தார். நான்கு நாள் கழித்து 200 மீட்டர், 19.19. இரண்டும் இன்னும் உலக சாதனைகள். 1936இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100, 200, நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் என்று நான்கு தங்கம் வாங்கியது இதே அரங்கில். 2018 ஐரோப்பியப் போட்டியில், பதினெட்டு வயதுப் பையன் டுப்ளான்டிஸ் கோலூன்றித் தாண்டுதலில் 6.05 மீட்டர் தாண்டியதும் இங்கேதான். வருடா வருடம் ஐஸ்டாஃப் தடகளப் போட்டி வேறு நடக்கிறது.

ஷ்டுட்கார்ட்டை உதாரணம் காட்டுகிறீர்கள். 1993இல் உலகத் தடகளப் போட்டியே நடந்த அரங்கம் அது. பாதை போனது, தடகளமும் கூடவே போனது. கால்பந்துக்கு ஜெர்மனியில் மூலைக்கு மூலை அரங்கம் இருக்கிறது. எங்களுக்கு இருக்கிற ஒன்றிரண்டையும் பிடுங்க வேண்டாம்.

சிவப்பு மஃப்ளர்:

இந்தச் சண்டையே இல்லாத இடம் இதே ஊரில் இருக்கிறது. ஒலிம்பியாஸ்டேடியனில் நிற்கிற அதே எஸ்3 ரயிலில் ஏறி, இறங்காமல் கிழக்கே கோபெனிக் வரை போங்கள். அங்கிருந்து கூட்டத்தோடு நடந்தால் மரங்களுக்கு நடுவே யூனியன் பெர்லின் கால்பந்து கிளப்பின் அரங்கம், ஆல்டே ஃபோர்ஸ்டெராய். மொத்தம் 22,012 இடம், அதில் உட்காரும் இருக்கை 3,617தான். மற்ற எல்லோரும் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள். முதல் வரிசைக்கும் கோட்டுக்கும் சில எட்டுதான் தூரம். த்ரோ-இன் போட வருகிற ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது காதில் விழும். பழைய ஸ்கோர் போர்டு இன்னும் கையால்தான் மாற்றப்படுகிறது.

2008இல் படிக்கட்டெல்லாம் இடிந்து, உரிமம் கிடைக்குமா என்கிற நிலை. கிளப்பிடம் பணம் இல்லை. ரசிகர்களே வந்து கட்டினார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல், கூலி இல்லாமல், சுமார் 1,40,000 மணி நேரம். 2009 ஜூலையில் திறப்பு விழா ஆட்டம், எதிரணி ஹெர்த்தாதான் (5-3 என்று தோற்றோம், அதைச் சொல்லாவிட்டால் ஸ்பாண்டாவ்காரன் சொல்லிவிடுவார்).

மைதானப்பித்தன்:

ரசிகர்கள் கட்டினார்கள் என்று நானும் படித்திருக்கிறேன். நிஜமாகவே கொத்துக்கரண்டி பிடித்தார்களா, இல்லை பணம் கொடுத்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

சிவப்பு மஃப்ளர்:

நிஜமாகவே கரண்டிதான். நிபுணர்கள் செய்ய வேண்டியதை நிறுவனங்கள் செய்தன. களை பிடுங்குவது, பழைய படிகளை உடைப்பது, கான்கிரீட் போடுவது, தடுப்புக் கம்பிக்கு வண்ணம் அடிப்பதெல்லாம் ஆட்கள் லீவு போட்டு வந்து செய்தது. அரங்கத்துக்கு வெளியே அவர்களுக்காக ஒரு கட்டுமானத் தொப்பியைச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பணமும் கொடுத்தார்கள். 2004இல் கிளப் மூழ்கப்போனபோது ரத்த தானம் செய்து அதற்குக் கிடைத்த தொகையை அப்படியே கிளப்புக்குக் கொடுத்த கூட்டம் இது. 2011இல் அரங்கத்துக்கே 500 யூரோ பங்குகள் போட்டு ரசிகர்களிடம் விற்றார்கள்.

ஒரு காட்சி சொல்கிறேன். 2019 ஆகஸ்ட், புண்டஸ்லிகாவில் யூனியனின் முதல் ஆட்டம். அந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன ரசிகர்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்து, குடும்பத்தாரும் நண்பர்களும் நூற்றுக்கணக்கில் தூக்கிப் பிடித்தார்கள். அப்பா படம், மாமா படம், சிறுவயதில் போன நண்பன் படம். ஆட்டம் 0-4. அதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

ஸ்பாண்டாவ்காரன்:

எல்லாம் சரி நண்பரே. 2023இல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் வந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தானே வந்தீர்கள்? போர்ச்சுகலின் பிராகா, நாப்போலி, ரியல் மாட்ரிட். மூன்று ஆட்டமும் ஒலிம்பியாஸ்டேடியனில், மூன்றிலும் தோல்வி. ஓட்டப்பாதை உங்களுக்கும் ராசியில்லை போல.

சிவப்பு மஃப்ளர்:

உறுப்பினர்கள் எல்லோரும் ரியல் மாட்ரிட்டை ஒருமுறையாவது பார்க்கட்டும் என்று போனது அது. எழுபதாயிரம் பேர் பார்த்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் 2019 நவம்பர் 2, புண்டஸ்லிகாவில் நம் இரண்டு அணிகளும் மோதிய முதல் உள்ளூர் டெர்பி, எங்கள் இடத்தில், 1-0 என்று வென்றோம். கடைசி நேர பெனால்டி. ஞாபகம் இருக்கிறதா?

ஸ்பாண்டாவ்காரன்:

ஞாபகம் இல்லை. 🙂

ஹாக்கி மாமா:

பிள்ளைகளா, இத்தனை பேர் 1936 பற்றிப் பேசிவிட்டீர்கள், தியான் சந்த் பெயரை ஒருவரும் எடுக்கவில்லையே.

நம் ஊரில் எழுதுகிறவர்கள் பாதிப் பேர் அந்த ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தை ஒலிம்பியாஸ்டேடியனுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அது நடந்தது பக்கத்தில் இருக்கும் ஹாக்கி அரங்கில், அதே ஒலிம்பிக் வளாகத்துக்குள். ஆகஸ்ட் 14 நடக்க வேண்டியது, மழையால் 15க்குப் போயிற்று. ஆம், ஆகஸ்ட் 15! போட்டிக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி நம்மை 4-1 என்று அடித்திருந்தது. அந்தப் பயம் அணிக்குள் இருந்தது. ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து வைத்து வணங்கிவிட்டுப் போனார்கள் என்பார்கள்; களத்தில் அவர்களுக்கு இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடி. இடைவேளையில் 1-0தான். ஈரத் தரை. அப்புறம் தியான் சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிவிட்டு ஆடினார். முடிவில் 8-1. அந்த ஒலிம்பிக் முழுவதும் இந்தியா வாங்கிய ஒரே கோல் அதுதான்.

பெர்லின் போகிறவர்கள் பெரிய அரங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். வளாகத்துக்குள் அந்த ஹாக்கி மைதானம் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். தெற்குப் பக்கம் ஓடும் தெருவுக்கு ஓவன்ஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மாளுக்கும் ஒரு சந்தாவது கொடுத்திருக்கலாம்.

பழைய வரைபடம்:

மாமா ஆரம்பித்து வைத்தது நல்லதாயிற்று. பெர்லினில் நிற்கிற அரங்கங்களைவிட இல்லாமல் போனவை எனக்கு இன்னும் சுவாரசியம். அந்த ஊரில் ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு அரங்கம் கட்டுவார்கள், அடுத்தவர் வந்து இடிப்பார் அல்லது பெயரை மாற்றுவார்.

பாட்ஸ்டாமர் தெருவில் 1910இல் திறந்த ஷ்போர்ட்பலாஸ்ட். பனிச்சறுக்கு, குத்துச்சண்டை, ஆறு நாள் சைக்கிள் பந்தயம் என்று ஊரே கூடிய இடம். 1943 பிப்ரவரி 18 அன்று நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் ‘முழுப் போர் வேண்டுமா’ என்று கேட்டு, கூட்டம் ஆமாம் என்று கத்தியதும் அதே கூரைக்கு அடியில். 1973இல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு.

மேற்கே டாய்ச்லாண்ட்ஹாலே என்ற உள்ளரங்கம், 1935. ஹன்னா ரைட்ச் என்ற பெண் விமானி 1938இல் இதற்குள்ளேயே, கூரைக்கு அடியில், மக்கள் முன்னால் ஹெலிகாப்டர் ஓட்டிக் காட்டினார். போரில் எரிந்து, திரும்பக் கட்டி, கடைசியில் 2011 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது மாநாட்டுக் கூடம்.

கிழக்குப் பக்கம் வந்தால் வால்டர் உல்ப்ரிக்ட் அரங்கம், 1950. கிழக்கு ஜெர்மனியின் தலைவராக இருந்த உல்ப்ரிக்ட்டின் செல்வாக்கு போனதும் 1973இல் அதற்கு ‘உலக இளைஞர் அரங்கம்’ என்று பெயர் மாறியது. 2000 ஒலிம்பிக் நமக்குத்தான் வரும் என்ற நம்பிக்கையில் புதிதாகக் கட்டுவதற்காக 1992இல் இடித்தார்கள். 1993இல் வாக்கெடுப்பு நடந்தது. பெர்லினுக்கு ஒன்பதே வாக்கு. சிட்னி கொண்டுபோயிற்று. காலி மனையாகப் பல வருடம் கிடந்த இடத்தில் இப்போது ஜெர்மன் உளவுத்துறையின் தலைமையகம் நிற்கிறது. மக்கள் பந்து விளையாடிய இடத்தில் இன்று அனுமதிச் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

மைதானப்பித்தன்:

ஒன்பது வாக்கா! அப்படியானால் அந்த ஒலிம்பிக் கனவுக்காக நகரம் செலவு செய்ததெல்லாம் வீண்தானா?

சைக்கிள்காரி:

எல்லாம் வீண் இல்லை. அந்தக் கனவில் மிஞ்சியது இரண்டு நல்ல உள்ளரங்கங்கள்: 1996இல் மாக்ஸ் ஷ்மெலிங் ஹாலே, 1997இல் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தய அரங்கம். ஒலிம்பிக் கிடைக்காது என்று தெரிந்தபிறகும் கட்டி முடித்தார்கள்.

வெலோட்ரோம் என் செல்லம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன். டொமினிக் பெரோ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. லாண்ட்ஸ்பெர்கர் அலே ஸ்டேஷனில் இறங்கிப் போய்ப் பார்த்தால் அரங்கம் எங்கே என்றே தெரியாது. நாலாபுறமும் ஆப்பிள் மரங்கள், நடுவே தரையோடு தரையாக ஒரு வட்டத் தகடு, குளத்துத் தண்ணீர் மாதிரி வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அதுதான் கூரை. விட்டம் 140 மீட்டருக்கு மேல், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மொத்த அரங்கமும் மண்ணுக்குள். உள்ளே இறங்கினால் 250 மீட்டர் மரத்தடம். வளைவில் அது நிற்கிற சரிவைப் பக்கத்தில் நின்று பார்த்தால் சுவர் மாதிரிதான் தெரியும். மேலே ஏறி நின்று கீழே பார்க்கவே முழங்கால் உதறும். வண்டிகள் கூட்டமாகக் கடக்கும்போது பலகை தடதடவென்று அதிர்வது காலில் ஏறும். அதே குழிக்குள் 2014 ஐரோப்பிய நீச்சல் போட்டிக்குத் தற்காலிகக் குளம் அமைத்தார்கள்!

1936இல் பாதி அரங்கத்தைத் தரைக்குள் இறக்கிய ஊர், அறுபது வருடம் கழித்து முழு அரங்கத்தையும் புதைத்துச் சுற்றிலும் மரம் நட்டது. ஷ்மெலிங் ஹாலேயும் பாதி தரைக்குள்தான், கூரையில் புல். ஹேண்ட்பாலில் ஃபூக்ஸே பெர்லின் அணியின் வீடு அது. 2025இல் ஜெர்மன் சாம்பியன் ஆனார்கள்.

பழைய வரைபடம்:

வெலோட்ரோம் இடத்தில் முன்பு இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டாரம் முழுக்க நகரத்தின் மாட்டுச் சந்தையும் இறைச்சிக் கூடமும். அதில் ஒரு கொட்டகையை 1950இல் விளையாட்டரங்கமாக மாற்றி வெர்னர் ஸீலென்பிண்டர் ஹாலே என்று பெயர் வைத்தது கிழக்கு ஜெர்மனி. ஸீலென்பிண்டர் மல்யுத்த வீரர், கம்யூனிஸ்ட். 1936 ஒலிம்பிக்கில் பதக்க மேடை ஏறினால் ஹிட்லருக்கு எதிராக ஏதாவது செய்து காட்டத் திட்டம் வைத்திருந்தார். நான்காவதாக வந்தார். 1944இல் நாஜிகள் அவர் தலையை வெட்டினார்கள்.

குத்துச்சண்டை வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கையும் பாருங்கள். 1936இல் அமெரிக்காவின் ஜோ லூயிஸை வீழ்த்தியபோது நாஜிகள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதே மனிதர் 1938 நவம்பரில் யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்து வைத்தார். அது வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. ஒருவர் பெயர் இடிபட்டுப் போயிற்று, ஒருவர் பெயர் நிற்கிறது. இடிபட்டது கிழக்கு வைத்த பெயர் என்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. (நொய்க்கோல்னில் ஒரு விளையாட்டுத் திடலுக்கு ஸீலென்பிண்டர் பெயர் திரும்ப வந்துவிட்டது, அந்த மட்டும் ஆறுதல்.)

பனிக்கரடி:

ஐஸ் ஹாக்கியை யாருமே தொடவில்லையே! ஐஸ்பேரன் பெர்லின், 2025 வரை 11 முறை ஜெர்மன் சாம்பியன். இப்போது யூபர் அரீனாவில் ஆடுகிறார்கள், ஆல்பா கூடைப்பந்து அணியும் அங்கேதான். 2008இல் ஓ2 வேர்ல்ட் என்று திறந்து, பிறகு மெர்சிடிஸ் பென்ஸ் அரீனா ஆகி, 2024இல் யூபர். டிக்கெட்டில் ஒரு பெயர், பழைய ஆட்கள் வாயில் இன்னொரு பெயர்.

வசதிக்குக் குறையே இல்லை. கச்சேரி என்றால் 17,000 பேர். எந்த இருக்கையிலும் பனிக்களம் முழுசாகத் தெரியும். ஆனால் அது வந்த விதம் பலருக்குப் பிடிக்கவில்லை. எதிரே ஈஸ்ட் சைட் கேலரி, ஓவியம் தீட்டிய பெர்லின் சுவர். அரீனாவிலிருந்து ஆற்றுக்கு வழிவிட வேண்டும் என்று சுவரில் நாற்பது மீட்டருக்கு மேல் பெயர்த்து நகர்த்தினார்கள்.

பழைய வீடு ஹோஹென்ஷோன்ஹவுஸனில் இருக்கும் தகரக் கூடம். ரசிகர்கள் ‘வெல்ப்ளெக்பலாஸ்ட்’ (நெளிதகர மாளிகை) என்பார்கள். கிழக்கு ஜெர்மனியில் 1970க்குப் பிறகு ஐஸ் ஹாக்கி லீகில் மொத்தம் இரண்டே அணிகள் தெரியுமா? டைனமோ பெர்லின், டைனமோ வைஸ்வாஸர். பதக்கம் அதிகம் தராத ஆட்டம் என்று அரசு மற்ற அணிகளையெல்லாம் கலைத்துவிட்டது. இருபது வருடம் அந்த இரண்டு பேரே மாறி மாறி மோதிச் சாம்பியனைத் தீர்மானித்தார்கள். தோற்றாலும் வெள்ளிப் பதக்கம் நிச்சயம்!

தடகளதாசன்:

பார்த்தீர்களா, ஓர் ஆட்டத்துக்கு இடமில்லை என்று முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும். நான் பாதைக்கே திரும்பி வருகிறேன்: விட மாட்டேன்.

மைதானப்பித்தன்:

நானும் என் கட்சியை விடவில்லை. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் அங்கே நடந்தது, பிரான்சின் ஜிதான் எதிரணி வீரரைத் தலையால் முட்டியதும் அங்கேதான்; 2024 யூரோ இறுதியில் ஸ்பெயின் இங்கிலாந்தை 2-1 என்று வென்றதும் அங்கே. அந்த மாதிரி நாட்களுக்குப் பெரிய அரங்கம் தாங்கும். நவம்பர் குளிரில் சாதாரண லீக் ஆட்டம் பார்க்க வருகிறவனுக்கு அது தண்டனை. நினைவுச்சின்னத்தைத் தொடக்கூடாது என்றால், அதே வளாகத்தில் ஹெர்த்தா கேட்கிற மாதிரி 45,000 பேருக்கு ஒன்று கட்ட விட்டுவிட வேண்டியதுதானே? இரண்டுக்கும் வழிவிடாமல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஸ்பாண்டாவ்காரன்:

ஹெர்த்தா போய்விட்டால் பெரிய அரங்கத்துக்கு வாடகை யார் கொடுப்பார்கள்? அது நகரத்தின் சொத்து. வருடத்துக்கு ஒரு ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம், ஒரு தடகள நாள், கோடையில் சில கச்சேரி. இதை வைத்து 74,000 இருக்கையைப் பராமரிக்க முடியாது. அதனால்தான் கல்லாப்பெட்டியில் இருப்பவர்கள் அசைய மாட்டேன் என்கிறார்கள். நினைவுச்சின்னம் என்பது பாதிக் காரணம்தான், மீதிப் பாதி இது.

மைதானப்பித்தன்:

இது நியாயமான பதில். அடுத்த வசந்த காலத்தில் அங்கே வரும் எண்ணம் இருக்கிறது. யூனியன், ஹெர்த்தா இரண்டுக்கும் டிக்கெட் எப்படி?

சிவப்பு மஃப்ளர்:

யூனியன் ஆண்கள் அணிக்கு உறுப்பினர் அட்டை இல்லாமல் கஷ்டம், உறுப்பினருக்கே பல சமயம் கிடைப்பதில்லை. பெண்கள் அணி 2025இல் முதல் பிரிவுக்கு வந்துவிட்டது. அதே ஆல்டே ஃபோர்ஸ்டெராயில் ஆடுகிறார்கள், டிக்கெட் சுலபம். நிற்கிற இடமே வாங்குங்கள். உட்கார இடம் வாங்கினால் வந்ததே வீண்.

ஸ்பாண்டாவ்காரன்:

ஹெர்த்தாவுக்குப் பெரும்பாலும் கவலையே இல்லை, ஆட்டத்துக்கு முந்தைய நாள்கூடக் கிடைக்கும். நீளவாட்டுப் பக்கம் மேலடுக்கில் எடுங்கள், ஓட்டப்பாதை உறுத்தாது. ஆனால் கூரையைத் தாங்கும் இருபது தூண்கள் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன, இருக்கை எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கோரஸ் பாட ஆசை இருந்தால் மட்டும் கிழக்கு வளைவு. யூனியனின் சிவப்பு நிறத்தில் எதையும் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், நான் பக்கத்தில் நிற்க மாட்டேன்.